சனிக்கிழமை இறங்கும் நுரை

மாப்ள,

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, கடைக்கு வந்து மேசை மேல் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், பாதி பாட்டில். நீ தேய்த்து மிச்சம் வைத்தது. சனிக்கிழமை எண்ணெய் கைமாறக் கூடாதாம், அதனால் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்துவிட்டாளாம். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடையில் வார்னிஷைத் தவிர வேறு என்ன மணக்கும்? அந்த நாற்றத்தையும் தள்ளிக்கொண்டு, இன்று காலை மூடியைத் திறந்ததும் உன் எண்ணெய் வாசனை வந்தது.

வேறு எவனாக இருந்தாலும் நீ வந்து நிற்கிறாயா என்று வாசலைத் திரும்பிப் பார்த்திருப்பான். நான் பார்த்தது, கடைக்குப் பின்னால் உன் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஓடுகிற உன் நுரை மிஷினை. நுரை ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையும் அதுவுமாக ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிணற்று மோட்டார் பிரித்தபடி கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பரீட்சை எதும் எழுதுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலில் இருந்து எழுதினால்தான் எனக்குக் கை ஓடும்.

ஓணத்துக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போனவன் நீ. லாரியை விட்டு இறங்கியதும், விலை என்ன போச்சு என்று கேட்டேன். நீ அதைக் காதிலேயே வாங்கவில்லை. "மச்சான், வெல்லம் வாங்குற மொதலாளி ஆபீசுல ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ள கடல் இருக்கு. பூ மாதிரி ஒண்ணு விரியுது, சுருங்குது. பூ இல்ல மச்சான், உசுரு!" என்றாய். நான் உன் வாயை மோந்து பார்த்தேன். குடித்திருக்கவில்லை.

அடுத்த லோடு போய்த் திரும்பியபோது லாரியில் தொட்டி வந்தது. சின்னமனூரில் இருந்து எந்தக் கடலைப் பார்க்கப் போனாலும் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். நீ பொடி உப்பை வடிகட்டின தண்ணீரில் கரைத்து, உன் வீட்டுக் கூடத்திலேயே கடல் செய்தாய். கடலில் இருந்து பவளத்தை உடைத்து எடுக்கச் சட்டம் விடாது. உனக்குக் கிடைத்தது அந்த முதலாளி தன் தொட்டியிலேயே வெட்டி வளர்த்தது. "கரும்புக் கரணை மாதிரி வெட்டி வச்சா வளருது மச்சான்," என்று அதற்கு வேறு அதிசயப்பட்டாய். காளான் மாதிரித் தட்டையாக, மெத்தென்று, ஓரத்தில் மட்டும் நீலம் ஒளிர்கிற பவளம் ஒன்று. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன் இரண்டு. அவ்வளவுதான் உன் கடல்.

தங்கச்சிக்குத்தான் குறை. "டிவி இருந்த எடத்துல கடலக் கொண்டாந்து வச்சிருக்காகண்ணே. இனிமே நாடகத்த எங்கன போய்ப் பாக்க?" என்று என்னிடம் முறையிட்டாள்.

"மீனும் நாடகந்தான், பாரு," என்றாய் நீ.

"வசனமே இல்லாத நாடகத்த எம்புட்டு நேரம் பாக்க?" என்றாள்.

நிஜக் கடலில் மீன் போடுகிற அழுக்கைக் கடல் எங்கேயோ கொண்டுபோய்விடும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? தின்னாத தீவனமும் மீன் கழிவும் அதற்குள்ளேயே கிடந்து அழுகின. கொஞ்ச நாளில் கல்லெல்லாம் பழுப்புப் படிந்து, காளான் பவளம் சுருங்கி உட்கார்ந்தது. நீ கொச்சிக்குப் போன் போட்டுப் பாதி மலையாளத்தில் அழுதாய். பிறகு ஒரு மிஷின் வந்தது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெயர். அடியில் ஒரு சின்ன மோட்டார், காற்றையும் தண்ணீரையும் சேர்த்து அடித்துப் பொடிப்பொடிக் குமிழாக்கும். அழுக்கு அந்தக் குமிழில் ஒட்டிக்கொண்டு, நுரையாகக் கழுத்து வழியே ஏறி, மேலே ஒரு கோப்பையில் விழும். மறுநாள் பார்த்தால் கோப்பை நிறையப் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் தண்ணீர்.

"இது நம்ம கொப்பரைதான் மச்சான்!" என்று நீ குதித்த குதி எனக்கு மறக்காது. கரும்புச்சாறு கொதிக்கும்போது மேலே திரள்கிற அழுக்கை வழித்து எறிவது உன் பிழைப்பு. "அழுக்க அப்பப்ப வழிச்சுறணும். விட்டா வெல்லம் கருத்துப் போகும். அம்புட்டுத்தான் தொழிலே." சொல்லிவிட்டுக் கோப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "மோந்து பாரு. நம்ம மீனு இதுக்குள்ளதான் குடியிருந்துச்சு." அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

எனக்கு அந்த மிஷின் மேல் நம்பிக்கை வரவில்லை. நாள் முழுக்கக் கருகின மோட்டார்களின் முகத்தில் விழிக்கிறவன் நான். ஒரு உயிரைக் கொண்டுபோய் மோட்டாரிடம் ஒப்படைக்க எனக்கு மனசு வருமா?

"மோட்டார் நின்னா என்னலே செய்வ?" என்றேன்.

"நீ எதுக்கு இருக்க?" என்றாய்.

அப்போதுதான் நானும் ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது என் மகள். நான் அதை என் பேரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியகுளத்தில் தோட்டக்கலை படிக்கிறவள் போனில் வாசித்துச் சொன்னாள்: சிலர் நுரை மிஷினே இல்லாமல், பாசியை வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்களாம். தனியாக ஒரு பெட்டி, அதில் சொரசொரப்பான ஒரு வலை, மேலே ஒரு விளக்கு. தொட்டித் தண்ணீரை அந்த வலை மேல் ஓடவிட்டால் பாசி பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கிற அழுக்குதான் அதற்கு உரம். வளர்ந்ததைச் சுரண்டி எடுத்தால், அழுக்கும் அதோடு வெளியே வந்துவிடும். கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. நம் ஊரில் எந்த வீட்டில் குளிக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வாழை நிற்கவில்லை? சோப்புத் தண்ணீரைக் குடித்துத்தானே குலை தள்ளுகிறது?

"அழுக்க எதுக்கு மாப்ள எறியணும்? அதத் திங்கிறதுக்கு ஒருத்தன வையி," என்றேன்.

பழைய தண்ணீர் டிரம்மை அறுத்து நானே பாசிப்பெட்டி செய்தேன். வலை வழுவழுப்பாக இருந்தது என்று உப்புத்தாளைப் போட்டு உரசினேன். முதலில் வந்தது பாசி இல்லை, பழுப்பாக ஏதோ சளி. நீ அதைப் பார்த்துவிட்டு, "ஒன் வாழைக்குச் சளி புடிச்சிருக்கு, கசாயம் குடு," என்றாய். பொறுத்திருந்தேன். பச்சைத் தலைமுடி மாதிரி வந்தே விட்டது. முதல் அறுவடையைப் பெருமையாகக் கழுவி எடுத்துக்கொண்டுபோய் எங்கள் வீட்டுக் கறவை மாட்டுக்கு நீட்டினேன். அது மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. கல்யாணம் ஆன புதிதில் என் மாமனார் ஒரு தடவை அப்படிப் பார்த்தார்.

ஆக, தொட்டிக்கு ஒரு பக்கம் உன் மிஷின், மறுபக்கம் என் பெட்டி. தண்ணீர் தெளிந்தது. பவளம் விரிந்தது. யாரால் தெளிந்தது என்பதில்தான் சண்டை. நீ கோப்பையைக் காட்டுவாய், நான் சுரண்டிய பாசியைக் காட்டுவேன். இரண்டு குடும்பத் தலைவர்கள், ஒருவன் கையில் நாற்றத் தண்ணீர், இன்னொருவன் கையில் சகதி. பார்க்கிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

அந்தச் சண்டையில் எனக்கு வசமாகச் சிக்கியது உன் மிஷினின் சனிக்கிழமை. வாரம் முழுக்க நுரை தள்ளுகிற மிஷின், சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நுரை இறங்கிப்போய்ச் சும்மா குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏறும். ஒரு வாரம் இல்லை, வாராவாரம்.

"ஒன் மிசினு சனிக்கிழம வெரதம் மாப்ள. என் பாசி லீவே போடாது," என்று நான் ஏகத்துக்கும் கேலி செய்தேன். செய்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் குடைந்தது. மீட்டரைக் கொண்டுவந்து கரண்ட் பார்த்தேன், சரியாக இருந்தது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன், குற்றமில்லை. காற்றுக் குழாயை ஊதிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தங்கச்சி போடுகிற சாம்பிராணிப் புகைதான் மறுநாள் வேலையைக் காட்டுகிறது என்று நான்தான் துப்புக் கொடுத்தேன். நீயும் போய் அதை நிறுத்தச் சொன்னாய்.

"சாமிக்குப் பொக போட்டா மீனுக்கு ஆகலையாக்கும்! யாரு சொன்னாக, அந்த மோட்டார் அண்ணனா?" என்று அவள் கேட்டது தெரு முனை வரைக்கும் கேட்டது. சாம்பிராணி நின்றது. அந்தச் சனிக்கிழமையும் நுரை இறங்கியது. நான் ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கம் காபிக்குப் போகவில்லை.

விடை கிடைத்தது உன் வெல்லக் கொட்டகையில். அங்கே ஓடுகிற மோட்டாரைப் பார்க்க வந்திருந்தேன். கொப்பரையில் சாறு பொங்கி விளிம்பைத் தொட்டது. நீ பதறாமல், கரண்டியில் நாலு சொட்டு விளக்கெண்ணெய் எடுத்து விட்டாய். அவ்வளவு நுரையும் மந்திரம் போட்ட மாதிரி அமர்ந்தது. நீ கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் உன் தலையைப் பார்த்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சீயக்காய்க்கும் போகாத மினுக்கம் முழங்கை வரை இருந்தது. குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டு, தொட்டிக்குள் கையைவிட்டுக் கண்ணாடி துடைப்பதுதான் வாராவாரம் உன் சனிக்கிழமை வேலை.

"ஏலே மச்சான்," என்றாய் மெதுவாக. "நாந்தான்டா அது."

பிறந்ததில் இருந்து எண்ணெய் விட்டு நுரை அமர்த்துகிறவனுக்குத் தன் கை எண்ணெய் தெரியவில்லை. ஊர் மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் சாம்பிராணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கொப்பரை வெல்லம் அடிப்பிடித்துவிட்டது.

தெரிந்த பிறகாவது நீ சனிக்கிழமை கையை விடாமல் இருந்தாயா என்றால் இல்லை. "அதுக்கும் ஒருநா ரெஸ்டு வேணும்ல," என்று சொல்லிக்கொண்டு, வேண்டுமென்றே விட்டாய்.

யார் பெரியவன் என்பதை முடிவு கட்டப் பொங்கலுக்குப் பிறகு பந்தயம் வைத்தோம். சித்திரையில் வருகிற வீரபாண்டித் திருவிழா வரைக்கும் உன் மிஷினை நிறுத்திவிட வேண்டும். பாசி மட்டும். பவளம் சுருங்கினால் நான் தோற்றேன். விரிந்தபடி இருந்தால் நீ தோற்றாய். தோற்றவன் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் முன்னால் தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். நீயே சுவிட்சை அணைத்தாய். மாசி பிறந்தபோது பவளம் தட்டு மாதிரி விரிந்திருந்தது. நான் பேசவேண்டிய வெற்றி வசனத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாசியில்தான் நீ கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

துக்க வீட்டில் தொட்டியை யார் நினைத்தார்கள்? வந்தவர்களில் ஒரு பெரியவர், பாவம், மீனும் பட்டினி கிடக்குமே என்று ஒரு பிடி பொரியைப் போட்டிருக்கிறார். தெப்பக்குளத்தில் போட்ட பழக்கம். அவரைப் பார்த்து இன்னொருவர். வந்தவர்கள் எல்லாம் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கஞ்சி மாதிரி இருந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பவளம் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

தங்கச்சி தொட்டிப் பக்கம் முகத்தைக் காட்டாமல் சொன்னாள்: "எனக்கு இதப் பாக்க முடியலண்ணே. எடுத்துட்டுப் போயிருங்க. செத்துப்போச்சுன்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லாதீக."

தொட்டியை மிஷின், பாசிப்பெட்டியோடு கடைக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்து, முடிந்த மட்டும் தண்ணீரை மாற்றினேன். அப்போதும் வெளுப்புப் போகவில்லை. பந்தயப்படி உன் மிஷினைத் தொடக் கூடாது. என் பாசியைப் பார்த்தேன். அதுபாட்டுக்கு நிதானமாகப் பச்சையாக இருந்தது. வாழையிடம் போய், இன்றைக்கே பத்துக் குடம் குடி என்றால் குடிக்குமா? அது வேலை செய்யும், அதன் போக்கில் செய்யும். மீனுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

சுவிட்சைப் போட்டேன். "தோத்துட்டேன் மாப்ள," என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் மிஷின் நுரைத்த நுரை! கோப்பையைக் கொட்டிவிட்டு வருவதற்குள் மறுபடி நிறைந்தது. தண்ணீருக்குள் காற்றையும் அடித்துக் கொடுத்ததால் மீன் இரண்டும் மூச்சு தேறிக் கீழே இறங்கின. சில நாளில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. ஆனால் பவளம் மட்டும் விரியவே இல்லை. மகள் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து ஊற்றிக் காட்டினாள். ரோஸ் நிறம் ஆழமாக வந்தது. அழுகி முடிந்து கரைந்துபோன நைட்ரேட்டாம் அது. அதை நுரையால் பிடிக்க முடியாதாம். அதற்கப்புறம் வாரக்கணக்கில் என் பாசி கொழுத்தது. நான் சுரண்டச் சுரண்ட, குப்பியில் ரோஸ் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"மிசினு, அழுகுறதுக்கு முன்னாடி எடுக்குதுப்பா. பாசி, அழுகினதுக்கு அப்பறம் திங்குது. ரெண்டும் வேற வேற வேல. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரும் வருசக்கணக்கா சண்ட போட்டீக?" என்றாள் மகள்.

"சண்ட போடத்தான் ஆத்தா," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் கோப்பையைக் கழுவக் கழற்றினேன். நிறைந்திருந்தது. வழக்கமான நாற்றம். கழுவி மாட்டும்போதுதான் உறைத்தது, அன்றைக்குச் சனிக்கிழமை என்று. நுரை இறங்கவே இல்லை. ஒரு வாரம்கூட விடாமல் விரதம் இருந்த மிஷின் அதை விட்டுவிட்டது. சுடுகாட்டில் அழாதவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த நாற்றத்தில் மூக்கைத் துடைக்கிறவனைப் பார்த்தால் அழுகிறான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

இப்போது மழைக்காலமும் முடிந்துவிட்டது. உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. நுரை எடுக்கிறது சரி, அதோடு பவளத்துக்கு வேண்டிய சத்தையும் வழித்துக்கொண்டு போகிறதா? மேற்கே மலையில் மேகம் கட்டினாலே பவளம் சுருங்குகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது; நிஜமா, என் பிரமையா? பாசிக்கு விளக்கைக் கூட்டினால் நன்றாக வளருமா, கருகுமா? மகளிடம் கேட்டால் பதில் வருகிறது. உன்னிடம் கேட்டால் மறுப்பு வரும். நீ மறுத்தால்தான் எனக்கு அடுத்த யோசனை ஓடும்.

நேற்று தங்கச்சி வந்தாள் என்றேன் அல்லவா? தொட்டியைக் கொடுத்த பிறகு நேற்றுதான் முதல் தடவை. பாட்டிலை வைத்துவிட்டு, பின்பக்கம் பார்க்காமலே கேட்டாள்.

"இருக்கா?"

"திரும்பிப் பாரு தங்கச்சி."

திரும்பினாள். "அண்ணே, ஒண்ணுதான இருந்துச்சு? ரெண்டா இருக்கு?"

"பிரிஞ்சு வளந்திருக்கு. குட்டின்னு வச்சுக்கயேன்."

கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். "அவுக பாத்திருந்தா வெல்லம் காய்ச்சப் போயிருக்க மாட்டாக." பிறகு மிஷினைப் பார்த்தாள். "இதுக்குத்தான என் சாம்பிராணிய நிப்பாட்டுனீக?" என்றாள். நீ போன பிறகு அவள் சிரித்ததை நேற்றுதான் பார்த்தேன். போகும்போது பாட்டிலைக் காட்டி, "அங்கன ஆரும் தேய்க்கிறதில்ல. நீங்க வச்சுக்கங்க," என்றாள். என் தலையைப் பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்று மத்தியானம் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். "இந்த வழுக்கைக்கு எண்ணெயா? தொடச்சாப் போதும், பளபளங்கும்," என்றாள் என் வீட்டுக்காரி. தேய்த்தது தலைக்கு இல்லை, கைக்கு என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். மீன் இரண்டும் கிட்டே வந்து என் விரலை மோந்தன. உன் வாசனை அவற்றுக்குத் தெரியுமோ என்னவோ.

இந்தத் தாளில் அங்கங்கே எண்ணெய் படிந்திருக்கிறது, பொறுத்துக்கொள். நுரை இறங்கிவிட்டது மாப்ள. மிஷின் சும்மா குமிழ் விட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஏறிவிடும். அதுவரைக்கும் இங்கே சனிக்கிழமை.